கார்டு பழுதா, ஒயரிங் பழுதா? மூணு டிரைவ், ஒரு பிஎல்சி, ஆர்எஸ்-485

கேள்வி | மார்ச் 3, இரவு 8:40

அண்ணா, மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துற மூணு டிரைவ்லயும், பிஎல்சி (இயந்திரத்தை நடத்துற கன்ட்ரோலர்) கூட பேச ஆர்எஸ்-485 (ஒயர் வழியா டேட்டா அனுப்புற முறை) அடாப்டர் கார்டு புதுசா மாட்டினேன். மேஜை மேல வச்சு லேப்டாப்ல ஒண்ணொண்ணா பார்த்தப்போ மூணும் பதில் சொல்லிச்சு. பேனல்ல மாட்டினதும் 1-ம் 2-ம் தான் பேசுது, அதுவும் மோட்டார் நிக்கும்போது மட்டும். ஓட விட்டா எல்லாமே டைம்அவுட். 3-வது எப்பவுமே பேசல. ஆனா மூணு கார்டுலயும் பச்சை விளக்கு எரியுது. ரெண்டு கோர் ஷீல்டு கேபிள், பிஎல்சி-ல இருந்து 1, 2, 3-னு வரிசையா போகுது. கார்டு மட்டமான சரக்குன்னு நினைக்கிறேன். மூணையும் திருப்பி அனுப்பிடலாமா?

மார்ச் 3, இரவு 10:15

அனுப்பாதீங்க தம்பி. மேஜையில் மூணும் பேசியிருக்கு. பேனலுக்குப் போனதும் மாறியது ஒயரும் இடமும்தான். அங்கேதான் தேடணும்.

எப்படியும் நாளைக்கு மறுபடி மூடியைத் திறப்பீங்க, அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். மெயினை அணைத்ததும் டிஸ்ப்ளே அணைந்துவிடும். உள்ளே கரண்ட் இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை. 400 வோல்ட் சப்ளையில் ஓடும் டிரைவுக்குள் டிசி பஸ் (ஏசி-யை டிசி-யாக மாற்றி வைத்திருக்கும் பகுதி) ஏறக்குறைய 565 வோல்ட். மெயின் போன பிறகும் கெப்பாசிட்டர் அதைப் பிடித்து வைத்திருக்கும். எத்தனை நிமிடம் காத்திருக்கணும் என்று மூடியிலேயே அச்சிட்டிருப்பார்கள். அதை முழுசாகக் காத்திருந்து, அப்புறம் டிசி பிளஸ், மைனஸ் டெர்மினலில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை உள்ளே போகணும்.

வேலையில் சேர்ந்த புதிதில் டிஸ்ப்ளே அணைந்த கையோடு நான் ஸ்லாட்டுக்குள் விரலை விடப் போனேன். மூத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் மீட்டரை வைத்துக் காட்டினார். 310. நான் பார்க்கப் பார்க்க 308, 305 என்று இறங்கிக்கொண்டிருந்தது. அந்த எண்கள் இன்றைக்கும் கண்ணில் நிற்கின்றன.

கார்டைக் கழற்றி மாட்டும்போது எர்த் ஆன உலோகத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்க, கைப்பட்டை இருந்தால் இன்னும் நல்லது. பின் வரிசை ஒரு பக்கம் சாய்ந்து இறங்காமல் இரண்டு முனையையும் சமமாக அழுத்துங்க. பிடிப்பு ஸ்க்ரூவை விட்டுவிடாதீங்க, சில கார்டுகளுக்கு எர்த் அந்த ஸ்க்ரூ வழியாகத்தான் போகிறது.

மார்ச் 4, காலை 6:50

பச்சை விளக்கைப் பற்றி நேற்று எழுத விட்டுப்போனது. பெரும்பாலான கார்டுகளில் அது 'எனக்கு பவர் வருகிறது' என்று மட்டும்தான் சொல்லும். ரிசீவ் விளக்கு தனியாக இருந்து மின்னினாலும், லைனில் ஏதோ அசைகிறது என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. லைனின் இரண்டு முனைகளான ஏ-யும் பி-யும் மாறியிருந்தாலும் அது மின்னும். உள்ளே வருவது தலைகீழான குப்பை, ஆனால் விளக்குக்கு அது தெரியாது. மாற்றிக் கொடுத்த லைனில் ரிசீவ் விளக்கு ஓய்வு நேரத்திலும் அணையாமல் எரிந்ததைப் பார்த்திருக்கிறேன். மின்னாமல் ஒரே சீராக எரிந்தால் முதலில் அந்தச் சந்தேகம் வரட்டும்.

இந்த ஏ, பி குழப்பம் ஒயரிங் செய்பவன் தவறு இல்லை. 1983-ல் வந்த ஆர்எஸ்-485 தரநிலைப்படி, லைன் ஓய்வில் இருக்கும்போது பி முனைதான் ஏ-யைவிடப் பாசிட்டிவாக இருக்கணும். ஆனால் பரவலாகப் புழங்கும் டிரான்ஸ்சீவர் (சிக்னலை அனுப்பி வாங்கும்) சிப்களின் டேட்டாஷீட்டில் பாசிட்டிவ் பக்கத்துக்கு ஏ என்று பெயர். சிப்பைப் பார்த்து கார்டு செய்தவர் அப்படியே அச்சடிப்பார், தரநிலையைப் பார்த்துச் செய்தவர் எதிர்மாறாக அச்சடிப்பார். இந்த லைனில் பேசும் மொழியான மாட்பஸை வகுத்தவர்கள் டி0, டி1 என்று வேறு பெயர் வைத்தார்கள். டி1-தான் பி, அதுதான் பிளஸ். அதனால் எழுத்தை நம்பாதீங்க. பிளஸ், மைனஸ் குறி இருந்தால் அதைப் பாருங்க. அதுவும் இல்லையென்றால், அந்தக் கருவியைத் தனியாக பவர் கொடுத்து, கேபிளைக் கழற்றிவிட்டு, இரண்டு முனைக்கும் நடுவே டிசி வோல்ட் பாருங்க. எது பாசிட்டிவோ அது பிளஸ்.

மாற்றிக் கொடுத்தால் எரிந்துபோகுமோ என்று பயப்பட வேண்டாம். பேசாது, அவ்வளவுதான்.

மார்ச் 4, காலை 7:30

மேலே சொன்ன மீட்டர் சோதனையில் ஒரு திருத்தம். கருவிக்குள் பயாஸ் ரெசிஸ்டர் (ஓய்வில் ஒரு முனையைப் பாசிட்டிவாகப் பிடித்து வைப்பது) இருந்தால்தான் அது வேலை செய்யும். இல்லையென்றால் மீட்டர் பூஜ்யத்தைச் சுற்றியே நிற்கும், அதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. அந்த நிலைமையில் ஒரு டிரைவை மட்டும் லைனில் வைத்து, மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

1-ம் 2-ம் பேசுவதால் அங்கே முனை சரி. அதே நிற ஒயர் அதே பெயர் முனையில்தான் 3-லும் இருக்கிறதா என்று மட்டும் பாருங்க.

மார்ச் 4, இரவு 9:05

3-லும் நிறம் சரியாகத்தான் இருக்கு என்று எழுதியிருக்கீங்க. சரி, அடுத்து டெர்மினேஷன். கார்டில் பொடிசாக ஒரு டிப் சுவிட்ச் இருக்கும், 120 ஓம் ரெசிஸ்டரை லைனுக்குக் குறுக்கே போடும் சுவிட்ச். லைனின் இரண்டு கடைசியிலும் ஒவ்வொன்று, நடுவில் ஒன்றும் கூடாது. கேபிளின் கடைசிக்குப் போன சிக்னல் திரும்பி எதிரொலிக்காமல் இருக்கத்தான் அது.

எல்லாவற்றுக்கும் பவரை அணைத்துவிட்டு, பிஎல்சி முனையில் அதன் ஒயரைக் கழற்றி, இரண்டு கோருக்கும் நடுவே ஓம் பாருங்க. 120-ம் 120-ம் இணையாக வந்தால் 60. ஒன்றே ஒன்று இருந்தால் 120. மூன்று இருந்தால் 40. கார்டுகளின் சொந்த உள்மின்தடை ஒவ்வொன்றும் கிலோ ஓம் கணக்கில் இருப்பதால் இந்த எண்ணிக்கையில் பெரிதாகத் தலையிடாது.

ஒரு நாள் முழுக்கத் தேட வேண்டிய பிழையை அரை நிமிடத்தில் காட்டும் சோதனை இது. நான் எந்த லைனையும் இதைச் செய்யாமல் பவர் போடுவதில்லை.

மார்ச் 5, மதியம் 1:20

60 வந்ததா? நல்ல செய்தி. டெர்மினேஷன் சரி என்று வைத்துக்கொண்டு அடுத்ததுக்குப் போகலாம். 3-வது டிரைவின் ஸ்டேஷன் எண்ணை (லைனில் அதன் முகவரி) மட்டும் மறுபடி பார்த்துவிடுங்க. 1-லிருந்து 247 வரை எதுவும் இருக்கலாம், ஆனால் ஒரே எண் இரண்டு பேருக்கு இருக்கக்கூடாது. மாற்றினால் டிரைவை ஒருமுறை முழுசாக அணைத்து எழுப்புங்க. பல டிரைவ்கள் பழைய எண்ணிலேயே பேசிக்கொண்டிருக்கும்.

மார்ச் 5, மதியம் 2:45

அந்த 'நல்ல செய்தி'யைத் திரும்பப் பெறுகிறேன்.

சாப்பிட்டுவிட்டு வந்து உங்க பதிலின் கடைசி வரியை மறுபடி படித்தேன்: 'சுவிட்ச் எதையும் தொடல அண்ணா, பெட்டியில வந்தபடியே மூணும் ஆன்ல இருக்கு.' முதல்முறை படித்தபோது கண் அந்த 60-லேயே நின்றுவிட்டது. மூணும் ஆனில் இருந்தால் 60 வரவே கூடாது, 40 வரணும். உங்க பிஎல்சி-யில் டெர்மினேஷன் கிடையாது, அது கழற்றியும் இருந்தது. அப்படியானால் மூன்றில் ஒரு ரெசிஸ்டர் லைனில் இல்லவே இல்லை. எது என்று சொல்லத் தேவையில்லை, பேசாமல் இருப்பது 3-தான்.

சரியான எண் தப்பான காரணத்தால் வந்திருக்கிறது. இதைப் படிக்கிற மற்றவர்களும் கவனிங்க: ஓம் பார்ப்பதற்கு முன் எத்தனை சுவிட்ச் ஆனில் இருக்கிறது என்று எண்ணி, வர வேண்டிய எண்ணைக் காகிதத்தில் எழுதிவிட்டு அப்புறம் மீட்டரை வையுங்க. எண்ணிப் பார்க்காமல் அளந்தால் 60 என்பது ஆறுதல் மட்டுமே. நான் மேலே அப்படித்தான் ஆறுதல் சொல்லிவிட்டேன்.

பிஎல்சி-க்கும் 3-க்கும் நடுவே ஒவ்வொரு கோராகத் தொடர்ச்சி பாருங்க. ஒரு முனையை டெர்மினல் ஸ்க்ரூவின் தலையில் வைக்காமல், ஒயரின் செம்பிலேயே வைத்துப் பாருங்க, அப்புறம் ஸ்க்ரூ தலையிலும் பாருங்க. இரண்டுக்கும் வித்தியாசம் வந்தால் இடம் கிடைத்துவிட்டது.

மார்ச் 6, காலை 7:10

படம் பார்த்தேன். ஃபெரூல்.

படம் பார்க்காதவர்களுக்காக எழுதுகிறேன். ஃபெரூல் என்பது ஒயரின் நுனியில் மாட்டி நசுக்கும் சிறு உலோகக் குழாய். ஒயரின் தோல் போதுமான நீளம் உரிக்கப்படவில்லை. செம்பு இழைகள் ஃபெரூல் குழாயின் வாயிலேயே நின்றுவிட்டன, கிரிம்ப் இடுக்கி கடித்தது தோலின் மேல். வெளியிலிருந்து பார்த்தால் நீலக் கழுத்து, பளபளவென்ற குழாய், குறையே இல்லை. இழுத்துப் பார்த்தாலும் வராது, ஏனென்றால் தோலை நன்றாகக் கவ்விப் பிடித்திருக்கிறது. இழுவை சோதனையில் தேறிவிட்டு மின்சாரத்தில் தோற்கிற இணைப்பு இது. குழாயின் நுனியைப் பார்த்தால் தெரியும்: செம்பு நுனி வரைக்கும் வந்து, மயிரிழை அளவு வெளியே எட்டிப் பார்க்கணும். உங்க படத்தில் நுனி வெறும் ஓட்டையாக இருக்கிறது.

0.5 சதுர மில்லிமீட்டர் ஒயருக்குக் குழாய் 8 மில்லி என்றால் 9, 10 மில்லியாவது உரிக்கணும். மேஜையில் 3-வது பேசியதற்கும் காரணம் இதுதான், அங்கே ஃபெரூல் இல்லாமல் வெறும் இழையை முறுக்கிச் சொருகியிருப்பீங்க.

இப்போது 3-ம் சேர்ந்தால் லைனில் மூன்று ரெசிஸ்டர் வந்துவிடும். 1-லும் 2-லும் சுவிட்சை அணையுங்க, 3-ல் இருக்கட்டும். பிஎல்சி டெர்மினலில் ஒரு 120 ஓம் ரெசிஸ்டரை ஒயரோடு சேர்த்து இறுக்குங்க. அப்போது வரும் 60-தான் உண்மையான 60.

மார்ச் 6, இரவு 10:30

மூணும் பேசுகிறது, ஆனால் மோட்டார் ஓடினால் இன்னும் விழுகிறது. எதிர்பார்த்ததுதான். இரண்டு தனித்தனிப் பிழைகள் ஒரே நாளில் சேர்ந்து உங்களைக் குழப்பியிருக்கின்றன.

இதை எழுதத்தான் முதல் நாளிலிருந்து காத்திருந்தேன். ஆர்எஸ்-485 'ரெண்டு ஒயர்' என்று எல்லோரும் சொல்கிறோம். அது இரண்டு ஒயர் இல்லை. மூன்று.

ரிசீவர் பார்ப்பது ஏ-க்கும் பி-க்கும் உள்ள வித்தியாசத்தை. 200 மில்லிவோல்ட் வித்தியாசம் இருந்தாலே புரிந்துகொள்ளும். அந்தத் திறமையைப் பார்த்துவிட்டு மூன்றாவது ஒயர் எதற்கு என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் அந்த இரண்டு முனையும் ரிசீவரின் சொந்த பூஜ்ய வோல்ட்டிலிருந்து மைனஸ் 7-க்கும் பிளஸ் 12-க்கும் உள்ளே இருந்தால்தான் தரநிலை அதற்கு உத்தரவாதம் தருகிறது. டிரைவ் ஓடும்போது உள்ளே சுவிட்ச் மாதிரி வேலை செய்யும் ஐஜிபிடி-கள் நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை நூற்றுக்கணக்கான வோல்ட்டை வெட்டி வெட்டி அனுப்புகின்றன. மோட்டார் கேபிளின் கெப்பாசிட்டன்ஸ் வழியாகக் கசியும் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பி வரும்போது, டிரைவின் பூஜ்யமும் பிஎல்சி-யின் பூஜ்யமும் ஒரே பூஜ்யமாக இருப்பதில்லை. இரண்டு படகில் நின்றுகொண்டு கை நீட்டிப் பொருள் கொடுத்து வாங்குவது மாதிரி. தண்ணீர் அசையாத வரைக்கும் சிக்கல் இல்லை. மூன்றாவது ஒயர்தான் இரண்டு படகையும் கட்டி வைக்கிற கயிறு.

கார்டில் 'காமன்', 'எஸ்ஜி', 'ஜிஎன்டி' என்று ஏதோ ஒரு பெயரில் ஒரு முனை சும்மா நிற்கும். அது இதற்குத்தான். பிஎல்சி-யிலிருந்து மூன்று டிரைவுக்கும் அதை இழுங்க.

'என் கார்டு ஐசோலேட்டட் (லைன் பக்கம் மற்றதோடு மின்தொடர்பில்லாமல் பிரிந்தது), அதற்குத் தேவையில்லை' என்று சிலர் சொல்வார்கள். நானும் பல வருடம் அப்படித்தான் நம்பினேன். உண்மையில் ஐசோலேட்டட் கார்டுக்குத்தான் அது கூடுதலாகத் தேவை. உள்ளே அதன் பூஜ்யம் எதிலும் கட்டப்படாமல் மிதக்கிறது. பிடிமானம் கொடுப்பதற்கு லைன் காமனைத் தவிர வேறு எதுவும் இல்லை.

எனக்கு இது விளங்கியது இரண்டு கார்டு போன பிறகு. இரண்டு தனிக் கட்டடங்கள், நடுவே தூரம், ஒவ்வொன்றுக்கும் தனி எர்த் குழி. இரண்டு கோர் கேபிள் போட்டிருந்தேன். முதல் கார்டு ஒரு மாதத்தில் போனது, கார்டு மட்டம் என்று முடிவு கட்டி அடுத்ததை மாட்டினேன், அதுவும் போனது. மூன்றாவதை மாட்டுவதற்கு முன் இரண்டு பக்கத்து பூஜ்யத்துக்கும் நடுவே ஏசி வோல்ட் பார்த்தேன். 23. மைனஸ் 7, பிளஸ் 12 மட்டுமே தாங்குகிற சிப் அதற்கு நடுவே நின்றுகொண்டிருந்தது. கார்டைக் குறை சொன்னதுக்கு இன்றும் வருத்தம் உண்டு. அங்கே ஐசோலேட்டட் ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறு பக்கம் அனுப்பும் கருவி) போட்டு, ஒவ்வொரு பக்கத்து காமனையும் அந்தந்தப் பக்கத்தோடு நிறுத்தியதும் தொல்லை ஒழிந்தது. உங்களுக்கு ஒரே பேனல், அவ்வளவு தேவைப்படாது.

மார்ச் 7, காலை 6:40

'ஷீல்டையே காமனா பயன்படுத்தலாமா, ரெண்டு கோர்தானே இருக்கு?'

நான் செய்திருக்கிறேன், ஓடியும் இருக்கிறது. இப்போது செய்ய மாட்டேன். ஷீல்டின் வேலை இரைச்சலைத் தன் மேல் வாங்கிக்கொண்டு எர்த்தில் விடுவது. அதே ஒயரை பூஜ்ய ஆதாரமாகவும் வைத்தால், வாங்கிய இரைச்சலை நேராக சிப்பின் காலடியில் கொண்டுபோய் ஊற்றுகிற மாதிரி. இரண்டு ஜோடி முறுக்கிய ஷீல்டு கேபிள் வாங்குங்க. ஒரு ஜோடியில் ஏ-யும் பி-யும். அடுத்த ஜோடியின் இரண்டு கோரையும் சேர்த்து காமன். ஏ-யை ஒரு ஜோடியிலும் பி-யை இன்னொன்றிலும் எடுத்துவிடாதீங்க, முறுக்கின் பலனே போய்விடும். நிறத்தைப் பார்த்து அவசரமாகக் கொடுக்கும்போது இது நடக்கிறது.

மார்ச் 7, இரவு 8:55

ஷீல்டை ஒரு பக்கம் எர்த் செய்வதா, இரண்டு பக்கமா என்று ஒரு அண்ணன் தனிமடலில் கேட்டிருக்கிறார். ஒரு பக்கம்தான் என்று கற்றுக்கொடுத்தார்கள், நானும் கற்றுக்கொடுத்தேன். காரணம், இரண்டு எர்த்துக்கும் வித்தியாசம் இருந்தால் 50 ஹெர்ட்ஸ் கரண்ட் ஷீல்டு வழியாகவே ஓடும். அந்தக் காரணம் இன்னும் சரிதான், இரண்டு கட்டடத்துக்கு நடுவே போகிற கேபிளுக்கு.

ஆனால் டிரைவின் இரைச்சல் 50 ஹெர்ட்ஸ் இல்லை. மிக உயர்ந்த அதிர்வெண்ணில், ஒரு முனை மட்டும் கட்டிய ஷீல்டு மறு முனையில் ஆன்டெனா மாதிரி ஆகிவிடுகிறது. ஒரே பேனலுக்குள், ஒரே மவுண்டிங் பிளேட்டில் எல்லாம் இருந்தால் இரண்டு பக்கமும் கட்டுவதுதான் நல்லது என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். டிரைவின் மேனுவல் வேறு சொன்னால் மேனுவல்படியே செய்யுங்க, அவர்கள் அந்தக் கார்டை வைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

எத்தனை பக்கம் என்பதைவிட எப்படிக் கட்டுகிறோம் என்பது முக்கியம். ஷீல்டைத் திரித்து ஒரு வால் மாதிரி நீட்டி, பச்சை மஞ்சள் ஒயரில் சேர்த்துக் கொண்டுபோவது உயர் அதிர்வெண்ணுக்குக் கட்டாததற்குச் சமம். வெளித்தோலை ஒரு விரல்கடை அளவு உரித்து, பின்னல் முழுச் சுற்றும் கிளாம்பில் படும்படி பிளேட்டோடு பிடியுங்க. கிளாம்ப் படும் இடத்தில் பிளேட்டில் பெயின்ட் இருக்கக்கூடாது.

மார்ச் 9, இரவு 9:30

டக்ட் (கேபிள்கள் போகும் பெட்டிப் பாதை) படத்தில் தெரிந்துவிட்டது. புதுக் கேபிள் போட்டும் பிழை எண்ணிக்கை பாதிதான் குறைந்தது என்றால் மீதிக்குக் காரணம் அதே படத்தில் இருக்கிறது: கம்யூனிகேஷன் கேபிள் மூன்று மோட்டார் கேபிளோடும் ஒரே டக்டில், உடம்போடு உடம்பாக. மோட்டார் கேபிள் ஷீல்டு இல்லாத சாதாரண நாலு கோர் வேறு.

தனி டக்ட். முடியாவிட்டால் பேனலின் மறு பக்கமாகச் சுற்றி எடுங்க. மோட்டார் கேபிளைக் கடந்தே ஆகணும் என்றால் நேர்க்குறுக்காகக் கடங்க, கூடவே ஓடாதீங்க. டிரைவிலிருந்து டிரைவுக்கு டெய்சி செயின்தான். நடுவில் ஒரு டெர்மினல் வைத்து மூன்று பக்கமும் பிரிக்கிற நட்சத்திர அமைப்பு வேண்டாம். அப்படிச் செய்தால் லைனுக்கு இரண்டு கடைசி என்ற கணக்கே உடைந்துபோகும், 120 ஓமை எங்கே வைப்பது?

மார்ச் 11, காலை 7:00

இப்போது மோட்டார் ஓடும்போதும் மூணும் பேசுகிறது, எப்போதாவது ஒன்று விழுகிறது, அதுவும் 10 ரெஜிஸ்டர் (டிரைவ் தன் மதிப்புகளை வைத்திருக்கும் எண்ணிட்ட இடங்கள்) சேர்த்துப் படிக்கும்போது மட்டும். இது ஒயரிங் இல்லை, கணக்கு.

நொடிக்கு 9600 பிட் வேகத்தில், ஒரு எழுத்துக்கு (ஒரு பைட்டுக்கு) 11 பிட் வைத்தால் 1.146 மில்லிசெகண்ட். நீங்க அனுப்பும் கேள்வி 8 பைட், 9.2 மில்லிசெகண்ட். பதில் 10 ரெஜிஸ்டருக்கு 20 பைட், தலையும் வாலும் 5, மொத்தம் 25 பைட், 28.6 மில்லிசெகண்ட். நடுவே மூன்றரை எழுத்து அளவு மௌனம், 4 மில்லிசெகண்ட். அதற்கு மேல் டிரைவ் யோசிக்கிற நேரம். பிஎல்சி-யில் நீங்க வைத்திருக்கும் டைம்அவுட் 50 மில்லிசெகண்ட். டிரைவ் கொஞ்சம் பிசியாக இருந்தாலே தாண்டிவிடும். 200 வையுங்க. வேகம் போதாது என்றால் டைம்அவுட்டைக் குறைக்காதீங்க, 19200-க்குப் போங்க.

இன்னொன்றும் கேட்டிருந்தீங்க: 'மேனுவல்ல 40001-னு இருக்கிற ரெஜிஸ்டரைப் படிச்சா அடுத்ததோட மதிப்பு வருது.' 40001 என்பது பெயர். லைனில் போகிற முகவரி 0. சில பிஎல்சி அந்த ஒன்றைத் தானே கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. உங்களுடையது கழிக்காத ரகம். படிப்பதில் ஒன்று தள்ளிப் போனால் தப்பான எண் தெரியும், அவ்வளவுதான். எழுதுவதில் தள்ளிப் போனால் வேறு ரெஜிஸ்டர் மாறிவிடும். அதனால் எந்த ரெஜிஸ்டரிலும் எழுதுவதற்கு முன் அதையே படித்து, டிஸ்ப்ளேயில் இருக்கும் மதிப்போடு ஒப்பிட்டுவிட்டு எழுதுங்க.

மார்ச் 11, இரவு 11:10

தூக்கம் வரவில்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். லைன் நன்றாக ஓட ஆரம்பித்ததும் எல்லோரும் பேனல் கதவைச் சாத்திவிடுவோம். சாத்துவதற்கு முன் ஒன்று செய்யுங்க. மோட்டாரைக் குறைந்த வேகத்தில் ஓட விட்டு, கூட ஒருவரை எமர்ஜென்சி ஸ்டாப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கம்யூனிகேஷன் கேபிளைப் பிஎல்சி முனையில் பிடுங்குங்க.

என்ன நடக்கும் என்று நினைக்கிறீங்க? பல டிரைவ்களில் ஒன்றும் நடக்காது. கடைசியாக வந்த கட்டளைப்படி அதே வேகத்தில் ஓடிக்கொண்டேயிருக்கும், பிஎல்சி-யில் 'ஸ்டாப்' அழுத்தினாலும் அந்த ஸ்டாப் போய்ச் சேர வழி கிடையாது.

ஒரு கன்வேயரில் நான் இதை நேரில் பார்த்தேன். கனெக்டர் அதிர்வில் கழன்றுவிட்டது. திரையில் மோட்டார் நின்றதாகக் காட்டுகிறது, ஏனென்றால் நிற்கச் சொன்னதைத்தான் அது காட்டுகிறது. பெல்ட் ஓடுகிறது. கடைசியில் பெட்டிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக் கீழே சரிகின்றன. அருகில் இருந்தவர் ஓடிப்போய் மெயினை இறக்கினார். யாருக்கும் அடிபடவில்லை. அந்தப் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கை வைத்து வேலை செய்கிறவர்கள் இருந்தார்கள், அன்றைக்கு டீ நேரம்.

டிரைவில் கம்யூனிகேஷன் இழப்புக்கு இரண்டு பாராமீட்டர் இருக்கும்: எத்தனை நொடி பேச்சில்லாமல் போனால் கவனிப்பது, கவனித்ததும் என்ன செய்வது. முதலாவது பல டிரைவ்களில் 0-வாக வரும், 0 என்றால் கவனிக்கவே மாட்டேன் என்று அர்த்தம். அதை 1 நொடி, 2 நொடி என்று உங்க போலிங் சுற்றைவிட (எல்லா டிரைவையும் பிஎல்சி ஒருமுறை கேட்டு முடிக்கும் நேரம்) கொஞ்சம் அதிகமாக வையுங்க. இரண்டாவதை உங்க இயந்திரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்க. கன்வேயர் நிற்கணும். கூலிங் ஃபேன் ஒருவேளை ஓடிக்கொண்டே இருக்கணும். இதை டிரைவ் செய்தவர் முடிவு செய்ய முடியாது, உங்களால்தான் முடியும்.

எமர்ஜென்சி ஸ்டாப் இந்தக் கேபிள் வழியாகப் போகவே கூடாது. அதற்குத் தனி ஒயர், தனி ரிலே, டிரைவின் பாதுகாப்பு டெர்மினலுக்கோ கான்டாக்டருக்கோ நேராக.

மார்ச் 12, காலை 6:30

நேற்று இரவு எழுதியதில் ஒரு சேர்க்கை. பாராமீட்டரை வைத்ததோடு விடாதீங்க, மறுபடி பிடுங்கிப் பாருங்க. மூன்று டிரைவிலும் தனித்தனியாக. அவை தனித்தனி டிரைவ்கள், தனித்தனியாகத்தான் மறக்கும்.

மார்ச் 13, இரவு 9:15

இரண்டு டிரைவ் நின்றது, 2 மட்டும் ஓடியது என்று எழுதியிருக்கீங்க. 2-ல் பாராமீட்டர் சேமிக்கப்படவில்லையா, அல்லது பவர் அணைத்து எழுப்பவில்லையா? எதுவாக இருந்தாலும் பிடுங்கிப் பார்த்தீங்களே, அது பெரிய காரியம் தம்பி. மனசு நிறைந்தது.

ஏப்ரல் 2, இரவு 8:20

மூன்று வாரமாகப் பிழை எண்ணிக்கை 0, மூன்று கார்டும் அதே பழைய கார்டு. சந்தோஷம்.

நாலாவது டிரைவுக்கு: 3-லிருந்து அப்படியே நீட்டுங்க, காமனையும் சேர்த்து. 3-ன் டிப் சுவிட்சை அணைத்து 4-ல் போடுங்க. ஸ்டேஷன் எண் 4, கம்யூனிகேஷன் இழப்பு பாராமீட்டர் மற்ற மூன்றில் இருப்பதே. பவர் போடுவதற்கு முன் எத்தனை சுவிட்ச் ஆன் என்று எண்ணி, வர வேண்டிய ஓமை இங்கே எழுதுங்க. அப்புறம் அளந்து, வந்ததையும் எழுதுங்க. பார்த்துவிட்டுப் பதில் போடுகிறேன்.